கதவோரக் கட்டில்

ஜெர்மனியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு காய்ச்சல் இருந்தது. வருடம் முழுவதும் எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு, வகுப்போடு வெளியூர் போய்த் தங்குகிற அந்த ஒரு வாரத்தில் மட்டும் தவறாமல் வரும். திங்கட்கிழமை காலை பஸ் புறப்படும் நேரத்துக்குப் பிடிக்கும், வெள்ளிக்கிழமை பஸ் திரும்பி வந்ததும் விட்டுவிடும். என் அக்காவுக்கு அது ஆறாம் வகுப்பில் ஒரு தடவையும் எட்டாம் வகுப்பில் ஒரு தடவையும் வந்தது. சித்தியின் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் வந்தது. கோயிலில் கண்டால் தாய்மார் ஒருவரையொருவர் சுகம்கூட விசாரிப்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்த வருத்தம்தானே.

நான் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது எனக்கு அந்தக் காய்ச்சல் வரக்கூடாது என்று முடிவெடுத்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு முடிவை எடுத்துவிட்டால் மாடு மாதிரி நிற்பேன் என்று அம்மா சொல்வார். அது இன்னும் மாறவில்லை.

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருந்தோம். எங்கள் வகுப்பு போகவிருந்த இடம் அங்கிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில், மலைப்பக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் விடுதி. ஐந்து நாட்கள். குகை பார்க்கலாம், டோர்ச் வெளிச்சத்தில் காட்டுக்குள் நடக்கலாம் என்றெல்லாம் வகுப்பாசிரியை ஆசை காட்டினார். எனக்குக் குகையிலும் காட்டிலும் பெரிய நாட்டமில்லை. நான் பயந்தது அக்காவுக்கு நடந்ததை நினைத்துத்தான்.

"போகாத அஞ்சு நாள் ஒண்டுமில்லை. அவை திரும்பி வந்தாப் பிறகுதான் இருக்கு" என்று அக்கா சொல்லியிருந்தாள். அவள் வகுப்பில் யாரோ ஒரு சூப் கதையை ஆரம்பிப்பார்களாம், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். அந்தச் சூப்பில் என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் சிரிப்பு வந்திருக்காது. அந்த வருடம் முழுவதும் அவள் அந்த வகுப்பில் விருந்தாளி மாதிரி இருந்தாள்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் அதிகாலை வேலை செய்துவந்தார். காரணம் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நான் கேட்டேன். "ஏலாது" என்றார். ஏன் என்று கேட்டேன். "ஏலாது எண்டா ஏலாது" என்றார். காரணங்களைத் தருகிற பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். பெடியளும் வருவாங்கள், மாட்டிறைச்சி போடுவாங்கள், குளிர், பொதுக் குளியலறை, வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடக்கூடாது. நான் ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வந்தேன். பெண்பிள்ளைகளுக்கு மேல்மாடி தனியாக என்று ஆசிரியையிடம் கேட்டு வந்து சொன்னேன். மாட்டிறைச்சி வேண்டாமென்று முன்கூட்டியே சொன்னால் வேறு சாப்பாடு உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வந்துவிடுவோம். அம்மாவிடம் கடைசியில் குளிர் மட்டும்தான் மிஞ்சியது. அதற்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்துவைத்தார். அப்பா மட்டும் அசையவில்லை.

வகுப்பாசிரியையும் லேசுப்பட்டவர் அல்ல. தமிழ்ப் பிள்ளைகளின் காய்ச்சலை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். ஒரு மாலை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா ரோல்சும் வடையும் பொரித்து அடுக்கினார். அப்பா மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு எதிரில் அமர்ந்தார். ஆசிரியை, பாவம், நன்றாகத் தயாராகி வந்திருந்தார். பெண்பிள்ளைகளின் மாடியில் இரண்டு ஆசிரியைகள் தங்குவார்கள், உங்கள் கலாசாரத்தை நாங்கள் மதிக்கிறோம் என்று ஒரு மணித்தியாலம் பேசினார். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஜெர்மன் மொழியில் "ஓம், ஓம், நிச்சயமாக" என்று தலையாட்டினார். ஆசிரியை மலர்ந்த முகத்தோடும் ஒரு பொதி ரோல்சோடும் விடைபெற்றார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அப்பா சொன்னார்: "ஏலாது."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"வீடு தேடி வந்த மனுசிக்கு முகத்துக்கு நேர இல்லை எண்டு சொல்லுறதே?"

எங்கள் ஆட்களின் மரியாதை அப்படி. ஆனால் அது ஆசிரியைக்குத் தெரியாது. மறுநாளே விடுதி அறைப் பட்டியலில் என்னை மூன்று தோழிகளோடு போட்டுவிட்டார். அப்பா சொன்ன சொல் இப்போது பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. எனக்கு அது போதும்.

அன்றிலிருந்து என் போராட்டம் தொடங்கியது. சாப்பிடாமல் கிடந்தால் அடி விழும், அழுதால் அம்மாவுக்குத் தலையிடி வரும். நான் வேறு வழி கண்டுபிடித்தேன். அப்பா வேலை முடிந்து வந்து தேத்தண்ணிக் கோப்பையோடு அமரும் நேரத்தில், காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டரைக் கக்கத்தில் வைத்து எடுத்து, துடைத்து, அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பேன். ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். அப்பா அதைப் பார்ப்பார், தேத்தண்ணியைக் குடிப்பார், எழும்பிப் போவார். அடுத்த நாளும் வைப்பேன். சனி ஞாயிறு விடுமுறைகூட நான் எடுக்கவில்லை. இரண்டு காய்ச்சலும் கண்டவளான அக்கா ஒருநாள் சமையலறையிலிருந்தபடியே, "அவளை விடுங்கோ அப்பா" என்றாள். அவள் தனக்காக ஒருபோதும் அப்படிக் கேட்டதில்லை.

அப்பா தெர்மோமீட்டரைக் கையில் எடுத்து நிறைய நேரம் பார்த்தார். பிறகு, "அந்த இடத்தை நான் முதல் பாக்கோணும்" என்றார்.

எங்கள் ஆட்கள் எந்த இடத்தையும் தனியாகப் போய்ப் பார்ப்பதில்லை. வீடு வாங்கினாலும் கார் வாங்கினாலும் பொம்பிளை பார்த்தாலும் ஒரு வாகனம் நிறைய ஆட்கள் போக வேண்டும். விடுதி பார்க்கவும் அப்படியே போனோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் வேனில் அப்பா, அம்மா, அக்கா, நான், சித்தி, சித்தியின் நாலு வயது மகன், துவாயால் சுற்றிய சோற்றுப் பானை, கோழிக்கறி, பெரிய பெட்டி நிறைய ரோல்ஸ் எல்லாம் ஏறின.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தம்பி. பகிடிக்காரர். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். சின்ன வயதில் பக்கத்து வளவில் மாங்காய் களவெடுக்க ஏறி விழுந்ததாம். எங்களுக்கு மிகவும் பிடித்த கதை அது. ஒவ்வொரு தடவையும் மாங்காயின் தொகை மாறும், துரத்திய நாயின் நிறம் மாறும். உயரம் மட்டும் மாறாது. "ரெண்டு மாடி உயரம் பிள்ளையள்" என்பார். மாமரத்துக்கு ஏது சித்தப்பா மாடி என்று நாங்கள் நக்கலடிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். அன்றும் போகிற வழியெல்லாம் அந்தக் கதைதான்.

விடுதியை நடத்துகிறவரை ஜெர்மன்காரர்கள் விடுதித் தகப்பன் என்று சொல்வார்கள். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. "பிள்ளையளுக்கு அங்கையும் ஒரு தேப்பன் இருக்கிறார்" என்று வேனுக்குள் அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னார். அந்த மனிதர் வாட்டசாட்டமாக, பெரிய மீசையோடு வாசலில் நின்றார். ஆசிரியை தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தார். ஆனால் ஒருவர் வருவதாகத்தான் அவர் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். வேனிலிருந்து சோற்றுப் பானை இறங்குவதை அவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த வார இறுதியில் அங்கே வயதானவர்களின் பாடகர் குழு ஒன்று தங்கியிருந்தது. கீழே மண்டபத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

எங்களை மேல்மாடி அறை ஒன்றுக்குக் கூட்டிப் போனார். அடுக்குக்கட்டில்கள் இரண்டு. அம்மா தலையணையை எடுத்து மணந்து பார்த்தார். அக்கா குளியலறையைப் பார்க்கப் போனாள். நான் ஜன்னலோரத்து மேல்கட்டிலில் ஏறி, காடு முழுவதையும் பார்த்துவிட்டு, இதுதான் என்னுடைய கட்டில் என்று அறிவித்தேன். சித்தியின் மகனும் பின்னால் ஏறி வந்து போர்வைக்குள் புகுந்துகொண்டான்.

அப்பா கட்டிலைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார். பிறகு அறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். தன்னுடைய தட்டுத்தடுமாறும் ஜெர்மனில் விடுதித் தகப்பனிடம் கேட்கத் தொடங்கினார். இரவில் வெளிக்கதவைப் பூட்டுவீர்களா? திறப்பு யாரிடம் இருக்கும்? நீங்கள் எங்கே படுப்பீர்கள்? கூப்பிட்டால் கேட்குமா? வழக்கமாகத் தகப்பன்மார் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பார்கள் போலும். அந்த மனிதர் மீசையைத் தடவிக்கொண்டு பதில் சொன்னார். அம்மா என் காதுக்குள், "விசர்க் கேள்வியெல்லாம் கேக்கிறார்" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நடைபாதையின் முடிவில் பச்சை விளக்குப் போட்ட ஓர் இரும்புக் கதவு இருந்தது. அவசரத்துக்கு வெளியேறும் வழி, அங்கிருந்து இரும்புப் படியால் புல்வெளிக்கு இறங்கலாம் என்று சொல்லிவிட்டு, விடுதித் தகப்பன் எங்களுக்குக் கோப்பி ஊற்றக் கீழே போனார். நாங்களும் பின்னால் போனோம். நான் படியில் திரும்பிப் பார்த்தபோது அப்பாவும் சித்தப்பாவும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார்கள். அவசரத்துக்கு மட்டும், திறந்தால் மணி அடிக்கும் என்று சிவப்பில் எழுதியிருந்தது. அப்பாவுக்கு அதை வாசிக்கத் தெரியும். வாசித்துவிட்டுத்தான் தள்ளினார்.

அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது. பாட்டு நின்றது. பாட்டுத் தாள்களைக் கையில் பிடித்தபடி கிழவர்களும் கிழவிகளும் புல்வெளிக்கு வந்தார்கள். நாங்களும் ஓடினோம். நெருப்பில்லை, நெருப்பில்லை என்று விடுதித் தகப்பன் கத்திக்கொண்டு திரிந்தார். அந்த மணி நேரடியாக ஊர்த் தீயணைப்புக்காரர்களுக்கும் கேட்குமாம். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவர்கள் சிவப்பு வண்டியில் வந்து இறங்கினார்கள். புல்வெளியின் நடுவில் நான் நின்றேன். என் வகுப்பு, என் மூன்று தோழிகள், இனி வரப்போகும் சூப் கதைகள் எல்லாம் அந்தச் சத்தத்தோடு போய்விட்டன என்று நினைத்தேன்.

அப்பாவும் சித்தப்பாவும் இரும்புப் படியால் இறங்கியிருந்தார்கள். அப்பா எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார். "சின்னவன் எங்கை?" என்றார்.

சித்தி வாயில் கை வைத்தார். அவன் மேலே, அந்தப் போர்வைக்குள்ளேயே இருந்துவிட்டான். நெருப்பில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மணியை அடிக்கவைத்தவர் அப்பா. அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் அப்பா இரும்புப் படியில் ஓடினார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சித்தப்பாவும் காலை இழுத்துக்கொண்டு அரைவாசிப் படிவரை போனார். பிறகு கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

அப்பா சின்னவனைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்தார். அவனுக்கு நல்ல சந்தோசம். அப்பாவுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. சித்தி கையை நீட்டியபோதும் அவர் பிள்ளையைக் கொடுக்கவில்லை. தீயணைப்புக்காரர் ஒருவர் வந்து கதவைத் திறந்தது யார் என்று கேட்டார். அப்பா தான்தான் என்றார். ஏன் என்று கேட்டார். திறக்கிறதோ என்று பார்த்தேன் என்றார் அப்பா. அந்த மனிதர், அதுவும் சரியான கேள்விதான் என்றார். விடுதித் தகப்பன் அப்படி நினைக்கவில்லை.

அம்மாவுக்கு எந்தக் கூட்டமும் பந்திதான். வேனைத் திறந்து ரோல்ஸ் பெட்டியை எடுத்தார். பாடகர் குழு சாப்பிட்டது, தீயணைப்புப் படை சாப்பிட்டது. விடுதித் தகப்பன் கடைசியாக ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுத் தண்ணீருக்குப் போனார்.

திரும்பி வரும் வழியில் மாமரக் கதை இல்லை. நான் அழுதேன், அழுகையை விடக் கோபம்தான் கூட. "வேணுமெண்டுதான் செய்தனீங்கள். என்னை அங்கை எடுக்காமல் விடோணும் எண்டுதானே" என்று அப்பாவின் முதுகைப் பார்த்துச் சொன்னேன். எங்களை ஒருநாளும் ஏசாத சித்தப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வாயை மூடு பிள்ளை" என்றார்.

எங்கள் ஊருக்குத் திரும்பும் சந்தியில் அப்பா சொன்னார்: "போ. ஆனா மேல்கட்டில் வேண்டாம். கதவுக்குக் கிட்ட, கீழ்க்கட்டில்."

"ஜன்னலாலை காடு தெரியும் அப்பா."

"கதவுக்குக் கிட்ட."

அந்த வருடம் எனக்குக் காய்ச்சல் வரவில்லை. கதவோரக் கீழ்க்கட்டிலில் ஐந்து இரவு படுத்தேன். எல்லாருடைய சப்பாத்தும் என் தலைமாட்டில்தான். கழிவறைக்குப் போகிறவளெல்லாம் என் காலை மிதித்துக்கொண்டு போனாள். நடந்ததை விடுதித் தகப்பன் ஆசிரியைக்குச் சொல்லியிருந்தார். முதல் மாலையே ஆசிரியை எங்கள் எல்லாரையும் வரிசையாக்கி அந்த இரும்புப் படியால் புல்வெளிக்கு இறக்கிப் பழக்கினார். குகையை விட எல்லாருக்கும் அதுதான் பிடித்தது. மணி அடித்தவரின் மகள் என்று எனக்கு வகுப்பில் ஒரு பெயரும் வந்தது. எனக்கும் ஒரு கதை கிடைத்துவிட்டது, எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்று நானும் ஆசிரியை. வருடா வருடம் என் வகுப்பிலும் அந்தக் காய்ச்சல் வருகிறது. இப்போது அது வேறு வேறு நாட்டுப் பிள்ளைகளுக்கு. ஆசிரியர் அறையில் யாராவது, அது அவர்களுடைய கலாசாரம் என்று சொல்வார்கள். சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். எனக்கு அது முடிகிற பேச்சல்ல. பயணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விரும்புகிற குடும்பங்கள் விடுதிக்கு வந்து பார்க்க வேண்டும், மணியை நிறுத்திவைத்துவிட்டு எல்லாரும் அவசரப் படியால் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள் என்றார் அதிபர். கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டேன். தெர்மோமீட்டர் வைத்துப் பழகியவள் நான். இரண்டு வருடத்தில் விட்டுக்கொடுத்தார். முதல் ஞாயிறே சோற்றுப் பானையோடு வந்த குடும்பம் ஒன்று இருந்தது, பெருமையாக இருந்தது.

போன வருடம் ஒரு தகப்பன் வந்தார். வேறொரு நாட்டின் சண்டையிலிருந்து தப்பி வந்தவர். மகளை விடமாட்டேன் என்றவர், காரணம் சொல்லாதவர். பெண்பிள்ளைகளின் மாடி, இரண்டு ஆசிரியைகள் என்று நானும் நன்றாகத் தயாராகிப் போயிருந்தேன். அறைக்குள் வந்ததும் அவர் கட்டிலைப் பார்க்கவில்லை. ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். நான் தயாராக்கி வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு, அவரை அவசரக் கதவுக்குக் கூட்டிப் போனேன்.

அன்று நேரே அப்பா வீட்டுக்குப் போனேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்திருந்தார்.

"அப்பா, அக்காவைப் பள்ளிக்கூடப் பயணத்துக்கு ஏன் விடேல்லை? என்னையும் ஏன் மறிச்சனீங்கள்?"

இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"வந்த புதிசிலை எங்களை ஒரு அகதி முகாமிலை விட்டிருந்தவங்கள். அடுக்குக்கட்டில். நீ பிறக்கேல்லை, அக்கா கைக்குழந்தை. ஒருநாள் ஆக்கள் வெளியிலை வந்து நிண்டு, வெளிநாட்டுக்காரர் வேண்டாம் எண்டு கத்தினவங்கள். பிறகு நெருப்பு வைச்சவங்கள்." ஊர்ச் செய்தி சொல்வது போலத்தான் சொன்னார். "ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. திறப்பு ஆரிட்டை எண்டு தெரியாது. மற்றக் கதவுப் பக்கம் படுத்த நாங்கள் படியாலை இறங்கிட்டம்."

"ஏன் இதை எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் இந்த நாட்டிலை படிச்சு, இந்தச் சனத்தோடை பழகி வாழப்போற பிள்ளையள்" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. பெடியளுக்குப் பயந்த பழங்காலத்துத் தகப்பன் என்று ஆசிரியை நினைத்தார், அக்கா நினைத்தாள், நானும் நினைத்தேன். அவர் அப்படியே நினைக்க விட்டுவிட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"சித்தப்பா?"

"அவன்ரை கட்டில் ஜன்னலோரம்" என்றார் அப்பா. "மேல்கட்டில். ரெண்டாம் மாடி."